மீதி நாலடி

ஆயர் ஈத்தாம்,
16 பிப்ரவரி 2025

ஜெகதீஸ்வரிக்கு,

நலம். உன் நலமும் வள்ளியம்மா அக்காவின் முழங்கால் நலமும் அறிய ஆவல். இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்த ஞாபகம். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் குழாய் வேலைக்கான சாமான் சீட்டுதான், கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

டிசம்பரில் அக்காவின் ஆபரேஷனுக்குக் கிளம்பும்போது லிஃப்ட் வாசலில் வைத்து ஒன்று சொன்னாய். "போன் பண்ணாதீங்க. போன்ல நீங்க 'ம்'னு மட்டும் சொல்வீங்க, நான் ஒருத்தியாப் பேசிக்கிட்டு இருக்கணும். சொல்ல ஏதாச்சும் இருந்தா எழுதுங்க. பேப்பர்ல 'ம்'னு எழுதி ஸ்டாம்ப் ஒட்ட முடியாதுலா." அப்போது கோபத்தில் சொல்கிறாய் என்று நினைத்தேன். தைப்பூசத்துக்காவது வருவாய் என்று தண்ணீர்மலைக் கோயில் பக்கம் காலையிலிருந்து நின்றேன். வரவில்லை. அக்கா நன்றாக நடக்கிறார் என்று ஜொகூரிலிருந்து அதிரா சொன்னாள்.

எழுதுவதற்கு விஷயம் இருக்கிறது. பால்கனியில் ஏதாவது செடி வைக்கலாம் என்று பார்க்கிறேன். பாசாருக்குப் பக்கத்தில் இருக்கும் நர்சரிக்குப் போனேன். சட்டியில் இருபது வகை, மண்ணில் பத்து வகை, உரம் ஒரு சுவர் முழுக்க. முப்பத்தோரு வருஷம் குழாய் வேலை பார்த்தவன், எந்தக் கடையிலும் இப்படித் திருதிருவென்று முழித்ததில்லை. என்னென்ன வாங்க வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதி அனுப்பு. அப்படியே வாங்கிவிடுகிறேன்.

இப்படிக்கு,
கோகுலன்

•

நிபோங் திபால்,
25 பிப்ரவரி 2025

அதிரா அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் நீங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம், அதுவும் சாமான் பட்டியல் கேட்டு. பரவாயில்லை, 'ம்' என்பதைவிட நீளமாகத்தான் இருக்கிறது.

இரண்டு தடவை படித்தேன். டத்தோ கிராமாட் வாடகை வீட்டைக் காலி செய்த அன்று, என்னுடைய முப்பத்தேழு சட்டிகளையும் வாசலோரம் வைத்து, யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு வந்த மனிதர், இன்றைக்கு எந்தச் சட்டி வாங்கலாம் என்று என்னையே கேட்கிறார். அன்று நான் அங்கே புது பிளாட்டைக் கழுவித் துடைத்து, பால்கனியில் எது எங்கே என்று மனதுக்குள் அடுக்கிவைத்துக் காத்திருந்தேன். லோரி வந்தது. சட்டி வரவில்லை. "இடம் இல்ல" என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டீர்கள். அதற்கு அப்புறம் நான்கு மாதம் அந்த வீட்டில் இருந்தேன். ஒரு நாளாவது அதைப் பற்றிப் பேசுவீர்களா என்று பார்த்தேன்.

சரி, கேட்டதற்குப் பதில். இப்போதைக்கு ஒன்றும் வாங்காதீர்கள். வாங்குவது கடைசி வேலை. முதலில் அளவெடுங்கள். பால்கனி நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, வெயில் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, தண்ணீர் போகும் வாய் எங்கே இருக்கிறது. இதெல்லாம் தெரியாமல் கடைக்குப் போனால் கடைக்காரருக்கு வேண்டியதைத்தான் வாங்கி வருவீர்கள்.

அக்கா நன்றாக இருக்கிறார். இங்கே ஒரு பாலர் பள்ளியின் சமையலறைக்கு ஆள் கேட்கிறார்கள். ஜூனில் சேர வேண்டும், மே மாதக் கடைசிக்குள் பதில் சொல்லச் சொன்னார்கள். அக்கா இங்கேயே இருந்துவிடு என்கிறார். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜெகதீஸ்வரி

•

ஆயர் ஈத்தாம்,
6 மார்ச் 2025

ஜெகதீஸ்வரிக்கு,

பாலர் பள்ளி விஷயம் படித்தேன். அளவு கேட்டிருந்தாய், எழுதுகிறேன்.

நீளம் எட்டடி, அகலம் மூன்றரை அடி. செடி வைக்க நாலடி கிடைக்கும். வெயில் இரண்டரை மணிக்குக் கம்பி மேல் விழுகிறது, ஆறரைக்குப் பாயா தெருபோங் பக்கத்து மலை மறைத்துவிடுகிறது. நான்கு நாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து குறித்தேன். காற்று இடப்பக்கத்திலிருந்து வருகிறது, ஒன்பதாவது மாடி என்பதால் பலமாகவே அடிக்கிறது. தண்ணீர் போகும் வாய் வலது மூலையில். ஆனால் தரை சரிவு இடப்பக்கமாக இருக்கிறது. எவன் கட்டினான் என்று தெரியவில்லை.

ஒன்றும் வாங்காதே என்று எழுதியிருந்தாய். உன் கடிதம் வருவதற்கு முன்பே கொஞ்சம் வாங்கிவிட்டேன். பச்சைப் பளபளப்பில் டிராகன் போட்ட பீங்கான் சட்டி மூன்று, பார்க்க லட்சணமாக இருந்தது. பெட்டியோடு ஒரு கருவி செட், அதில் மண்வாரி, முள்கரண்டி, கத்தரி, இளஞ்சிவப்புக் கையுறை எல்லாம் உண்டு. கையுறை என் கைக்கு நுழையவில்லை. மண் மட்டும் வாங்கவில்லை, மலையடியில் சிவப்பு மண் சும்மாவே கிடக்கிறது, இரண்டு வாளி அள்ளி வந்தேன்.

கோகுலன்

•

நிபோங் திபால்,
15 மார்ச் 2025

அதிரா அப்பாவுக்கு,

அக்காவுக்கு உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கையுறை வந்த இடத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

டிராகன் சட்டிகளை ஹாலுக்குக் கொண்டுபோய்க் குடை போட்டு வையுங்கள். அவை காலியாகவே அத்தனை கனம், மண்ணும் தண்ணீரும் சேர்ந்தால் பால்கனிக்கு ஆகாது. அடியில் ஓட்டையும் இருக்காது. சாதாரண பிளாஸ்டிக் சட்டி போதும். மிளகாய்க்குப் பத்து லிட்டர் பிடிக்கிற அளவு, மற்றதற்கு அதில் பாதி. கடையில் தூக்கி அடியைப் பாருங்கள், நான்கு ஓட்டையாவது இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு வாங்குங்கள். தட்டில் தேங்கும் தண்ணீரை அன்றன்றைக்குக் கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் டிங்கிக் கொசு வந்து குடியேறும்.

சிவப்பு மண்ணை எடுத்த இடத்திலேயே போட்டுவிடுங்கள். சட்டிக்குள் அது செங்கல்லாக இறுகிவிடும். கறுப்பு மண் ஒரு பை, தேங்காய் நார்த்தூள் ஒரு பை, சுட்ட உமி அரைப் பை. மூன்றையும் கலந்து கையில் பிடித்தால் உருண்டையாக வர வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். உரம் இப்போதைக்குச் சின்னப் பொட்டலம் ஒன்று போதும், சுவர் முழுக்க இருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். கருவி செட்டை மூடி வையுங்கள், பழைய குழம்புக் கரண்டி ஒன்று இருந்தால் எல்லா வேலையும் நடக்கும். சாயங்கால வெயில் கடுமையானது. மிளகாய் நாற்று இரண்டு, கற்பூரவல்லி ஒரு கொத்து, நிழல் மூலையில் சோற்றுக்கு வாசனை போடும் பண்டான். முதல் தடவைக்கு இதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். எட்டடி என்று எழுதிவிட்டு, செடிக்கு நாலடி என்கிறீர்கள். மீதி நாலடி எங்கே போனது? எனக்குப் பதில் தெரியும். நீங்கள் எழுத வேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன்.

ஜெகதீஸ்வரி

•

ஆயர் ஈத்தாம்,
2 ஏப்ரல் 2025

ஜெகதீஸ்வரிக்கு,

நீ எழுதியபடியே எல்லாம் வாங்கி நட்டாகிவிட்டது. மண் உருண்டை பிடித்தது, தட்டினால் உதிர்ந்தது. மிளகாய் ஒன்றில் புதுத் துளிர் இரண்டு வந்தது. காலையில் கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றால் கோப்பி ஆறிவிடுகிறது.

நடுவில் ஒரு தகராறு. கீழ் வீட்டு நூர்ஜான் பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு கதவைத் தட்டினார். "கோகுலன் அண்ணே, தொழுகைக்குப் போடுற வெள்ளை தெலெகோங், துவைச்சுக் காயப் போட்டிருந்தேன். உங்க சட்டித் தண்ணி மண்ணோட சொட்டி நாசமாப் போச்சு. கோபமெல்லாம் இல்லண்ணே, கொஞ்சம் பார்த்துக்குங்கலா." எனக்குத் தலை குனிந்துவிட்டது. ஊரெல்லாம் ஒழுகலை நிறுத்தியவன் வீட்டிலேயே ஒழுகல். தட்டு வைத்தும் காற்றில் தண்ணீர் வழிந்து, அந்தக் கோணல் சரிவில் ஓடி, கம்பி வழியாகக் கீழே போகிறது.

அன்றே சரிசெய்துவிட்டேன். எல்லாச் சட்டியின் அடி ஓட்டையையும் சிலிக்கன் பசையால் அடைத்தேன். நல்ல பசை, குளியலறைக்குப் போடுவது. ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிறைய ஊற்றி ஒரு மணி நேரம் பார்த்தேன், ஒரு சொட்டு வரவில்லை. நூர்ஜான் பெருநாளன்று கோழி ரெண்டாங் கொடுத்தனுப்பினார்.

அந்த நாலடியைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

கோகுலன்

•

நிபோங் திபால்,
10 ஏப்ரல் 2025

அதிரா அப்பாவுக்கு,

இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் முதல் வேலையாகப் பசையைப் பிடுங்குங்கள். அதற்குள் மிளகாய் போயிருக்கும். இலை மஞ்சளாகி, தண்டின் அடி கறுத்து, மண்ணில் சாக்கடை வாடை வரும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றியிருப்பீர்கள், உங்களை எனக்குத் தெரியும்.

உலகத்தில் எத்தனையோ பேர் செடி வளர்த்துச் சாகடிக்கிறார்கள். சட்டி ஒழுகுகிறது என்று குளியலறைப் பசை போட்டு அடைத்து, ஒரு மணி நேரம் சோதித்தும் பார்த்த ஒரே மனிதர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். முதலில் வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு அழுதேன். அக்கா என்ன என்று கேட்டார், மிளகாய் செத்துப்போச்சு என்று சொன்னேன்.

அந்த ஓட்டை தண்ணீர் போவதற்கு மட்டும் இல்லை. வேர் மூச்சுவிடுவதும் அதன் வழியாகத்தான். உள்ளே வந்தது வெளியே போக வழி இல்லாவிட்டால் எதுவும் அழுகிவிடும். நம் வீட்டிலும் நீங்கள் அதைத்தான் செய்தீர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த அன்று என்ன நினைத்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. முப்பத்தேழு சட்டியை விட்டுவிட்டு வந்தபோது என்ன நினைத்தீர்கள் என்றும் தெரியாது. கேட்டால் 'ம்'. எனக்குச் செடி போன துக்கம் ஒரு மாதத்தில் ஆறியிருக்கும். ஒரு வார்த்தை கேட்காமல் விட்டதும், பிறகு ஒரு வார்த்தை பேசாமல் இருந்ததும்தான் ஆறவில்லை.

வாங்க வேண்டிய சாமானைச் சொல்லியாகிவிட்டது. செய்யக் கூடாததையும் சொல்லிவிட்டேன். பட்டியலில் எழுத எனக்கு வேறு ஒன்றும் இல்லை. மீதி நாலடிக்குப் பதில் வந்தால் அடுத்த கடிதம் எழுதுவேன். வராவிட்டால் பாலர் பள்ளிக்காரர்களுக்குச் சரி என்று சொல்லிவிடுகிறேன்.

ஜெகதீஸ்வரி

•

ஆயர் ஈத்தாம்,
11 மே 2025

அன்புள்ள ஜெகா,

ஒரு மாதம் ஆகிவிட்டது. எழுதாமல் இல்லை. எழுதிய மூன்று கடிதமும் நான்கு வரியில் நின்றுவிட்டன. இது நான்காவது.

மிளகாய் இரண்டும் நீ எழுதியபடியே செத்தன, சாக்கடை வாடை உட்பட. பண்டானும் போய்விட்டது. கற்பூரவல்லி மட்டும் ஒரு கிளை பிழைத்துக்கொண்டது.

மீதி நாலடியில் என் குழாய்க் கருவிகள் இருந்த இரும்பு அலமாரிதான் நின்றது. உனக்கும் தெரியும், அதைத் துடைத்தவளே நீதான். வீடு மாறிய அன்று லோரிக்காரர், "அண்ணே, இன்னும் ஒரு சாமானுக்குத்தான் இடம். அலமாரியா, சட்டியா, சொல்லுங்க" என்றார். நான் அலமாரி என்றேன். யோசிக்கக்கூட இல்லை. உனக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாம், இன்னொரு நடை லோரியை வரச் சொல்லியிருக்கலாம். செய்யவில்லை.

ஏன் என்று இத்தனை நாள் யோசித்தேன். ஓய்வு பெற்று அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. காலையில் யாரும் கூப்பிடவில்லை. எந்தக் கட்டடத்திலும் எதுவும் ஒழுகவில்லை, ஒழுகினாலும் என்னைத் தேடவில்லை. அந்த அலமாரியும் போய்விட்டால் நான் யார் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது என்று பயந்தேன். உனக்கும் அந்தச் சட்டிகள் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றவே இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன். லோரிக் கதவைத் திறந்ததும் நீ உள்ளே எட்டிப் பார்த்தாய். எதைத் தேடுகிறாய் என்று எனக்குத் தெரிந்தது. நான் கயிற்றை அவிழ்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். என்னை மன்னித்துவிடு, ஜெகா.

போன வாரம் அலமாரியைக் காலி செய்தேன். கருவியெல்லாம் பழைய கூட்டாளி சீனி முகம்மதுவிடம் கொடுத்துவிட்டேன், அவர் இன்னும் வேலைக்குப் போகிறார். ஒரு திருகு சாவியும் துளை போடும் மிஷினும் மட்டும் வைத்துக்கொண்டேன். அலமாரியின் வெறும் கூட்டைப் பழைய இரும்புக் கடைக்காரர் எடுத்துப் போனார். ஆறு டிராயரை நான் கொடுக்கவில்லை. நான்கின் ஆழம் ஐந்து அங்குலம், இரண்டின் ஆழம் ஒன்பது. ஒவ்வொன்றின் அடியிலும் பன்னிரண்டு ஓட்டை போட்டிருக்கிறேன். வாழ்நாளில் முதல் தடவையாக ஒழுக வேண்டும் என்றே போட்ட ஓட்டை.

கீழே ஒரு குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, கட்டையில் சாய்த்து, டிராயரிலிருந்து விழும் தண்ணீர் முழுவதும் வலது மூலை வாய்க்குப் போகிறபடி பொருத்தியிருக்கிறேன். சரிவு சரியாக இருக்கிறது, தண்ணீர் எங்கேயும் தேங்காது. ஒரு வாளி ஊற்றிவிட்டு நூர்ஜானைக் கீழேயிருந்து பார்க்கச் சொன்னேன். "ஒண்ணும் வரலண்ணே, இத அன்னிக்கே செஞ்சிருக்கலாம்ல" என்றார்.

டத்தோ கிராமாட்டுக்கும் போனேன். நம் வரிசையில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி உன் கறிவேப்பிலையை எடுத்து வைத்திருக்கிறார், தோள் உயரம் வந்துவிட்டது. கேட்டேன். மலாயும் தமிழும் கலந்து, "இது உன் பெண்டாட்டி செடி. அவ வந்து கேட்டா தர்றேன். உன்கிட்ட குடுத்தா மறுபடி ரோட்டில வைப்பே" என்று கதவைச் சாத்திவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான்.

இப்போது எட்டடியும் செடிக்குத்தான். டிராயரில் மண்கூடப் போடவில்லை. ஐந்து அங்குலத்தில் கீரை வருமா? நீ சொல்லாமல் இனி அங்கே ஒன்றும் வைக்க மாட்டேன். பாலர் பள்ளிக்குப் போக வேண்டும் என்று உனக்கு ஆசை இருந்தால் போ, அதற்காகக் கோபப்பட மாட்டேன். ஆனால் எனக்கு நீ இங்கே இருக்க வேண்டும் என்று இருக்கிறது. இதைப் போனில் சொல்ல எனக்கு வந்திருக்காது.

உன்,
கோகுலன்

•

நிபோங் திபால்,
20 மே 2025

அன்புள்ள அதிரா அப்பா,

கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டவில்லை. கேட்டார், இது பட்டியல் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஐந்து அங்குலத்தில் கீரை நன்றாகவே வரும். ஒன்பது அங்குல டிராயரில் மிளகாயும் கத்திரியும் வைக்கலாம். ஆனால் இரும்பு சாயங்கால வெயிலில் அடுப்பாகச் சுடும், வேர் வெந்துவிடும். வெளிப்பக்கம் வெள்ளைப் பெயிண்ட் இரண்டு கோட் அடியுங்கள். ஓட்டை போட்ட இடத்தில் துரு ஏறும், அங்கேயும் தொட்டு வையுங்கள். உள்பக்கம் பழைய அரிசிச் சாக்கை விரித்து அதன் மேல் மண் போட வேண்டும். மண் நானே கலந்துகொள்கிறேன்.

உங்களிடம் மறைத்த ஒன்றை நானும் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரியில் உங்கள் முதல் கடிதம் வந்த அன்று சாயங்காலம், அக்கா வீட்டுக் கொல்லையில் மைலோ டின்களில் விதை போட்டேன். பிறகு அக்கம்பக்கத்தில் கேட்டுக் கிளை வாங்கி ஊன்றினேன். யாருக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை. கத்திரி, பச்சைமிளகாய், துளசி, ஒரு மல்லிகை என்று இப்போது பதினாறு டின் நிற்கிறது. எல்லா டின்னிலும் ஆணியால் ஓட்டை போட்டிருக்கிறேன், பயப்படாதீர்கள்.

பாலர் பள்ளிக்காரர்களிடம் முடியாது என்று நேற்றுச் சொல்லிவிட்டேன். உங்களுக்காக என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், அந்தச் சமையலறையில் ஒரு ஜன்னல்கூட இல்லை. சரி, பாதி உங்களுக்காகவும்தான்.

பதினாறு டின்னைப் பேருந்தில் கொண்டுவர முடியாது. 31ஆம் தேதி சனிக்கிழமை காலையில் காடியை எடுத்துக்கொண்டு வாருங்கள். பின் சீட்டில் பழைய நாளிதழ் விரித்து வையுங்கள், பின்பக்கப் பூட்டுக்குள் வைத்து மூடினால் சூட்டில் வாடிவிடும். என் பெட்டியெல்லாம் பூட்டில் போகட்டும். திரும்பும்போது டத்தோ கிராமாட்டில் நிறுத்த வேண்டும். நான் இறங்கி ஆண்ட்டியிடம் கறிவேப்பிலையைக் கேட்டு வாங்குகிறேன், நீங்கள் காடியிலேயே இருங்கள்.

மாற்றி நட்ட செடி முதல் இரண்டு வாரம் துவண்டுதான் நிற்கும். வேர் பிடித்ததா என்று இழுத்துப் பார்க்கக் கூடாது. நான் வந்த பிறகு நம் வீட்டிலும் கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் ஒரு சாமான் விட்டுப்போயிருக்கிறது. வெயில் குறித்தபோது ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்ததாக எழுதியிருந்தீர்கள். இன்னொன்று வாங்குங்கள். எட்டடியில் அதற்கு இடம் விட்டுத்தான் செடி வைக்கப்போகிறோம்.

சரி என்று சொல்லப் பதில் கடிதம் வேண்டாம். போனை எடுத்து, 'ம்' என்று சொன்னால் போதும்.

உங்கள்,
ஜெகா